கடல் பூஞ்சைகளும் தாவரச் சேர்மங்களின் உயிரிமாற்றமும்: ஒரு வரலாறு

தாவரங்களில் இருந்து கிடைக்கும் ஒரு சேர்மத்தைக் கடலில் வாழும் பூஞ்சையிடம் கொடுத்து, அதன் நொதிகளைக் கொண்டு வேறொரு சேர்மமாக மாற்றிக்கொள்ளும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் தனி ஆய்வுத் துறையாக வளர்ந்துள்ளது. மருந்து, நறுமணப் பொருள், வேளாண்மை ஆகிய மூன்று துறைகளும் இதில் ஆர்வம் காட்டுகின்றன. இத்துறை மூன்று தனி வரலாறுகள் ஒன்றுசேர்ந்து உருவானது. நுண்ணுயிர்களை வேதிவினைக்குப் பயன்படுத்திய வரலாறு முதலாவது. கடலில் பூஞ்சைகள் உண்டு என்று கண்டறிந்த வரலாறு இரண்டாவது. அரிய இயற்கைப் பொருள்களுக்கு மாற்றுத் தேடிய வரலாறு மூன்றாவது. இக்கட்டுரை அவற்றை வரிசையாகக் கூறுகிறது.

உயிரிமாற்றம் என்றால் என்ன

நொதித்தலும் உயிரிமாற்றமும் ஒன்றல்ல. இட்லி மாவு புளிக்கும்போதும், திராட்சைச் சாறு மதுவாகும்போதும் நுண்ணுயிர் தன் உணவைச் சிதைத்து அமிலத்தையோ ஆல்கஹாலையோ வெளிவிடுகிறது. உயிரிமாற்றத்தில் ஆய்வாளர் தேர்ந்தெடுத்த ஒரு சேர்மம் நுண்ணுயிரிடம் கொடுக்கப்படுகிறது. நுண்ணுயிர் அதன் எலும்புக்கூட்டைச் சிதைக்காமல் ஓரிரு இடங்களில் மட்டும் மாற்றம் செய்கிறது. ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கலாம், ஓர் இரட்டைப் பிணைப்பை நீக்கலாம், ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டலாம் அல்லது கழற்றலாம். மாற்றப்படும் சேர்மம் தளப்பொருள் எனப்படுகிறது.

இம்முறையின் பயன் அதன் துல்லியத்தில் உள்ளது. இருபது கார்பன்கள் கொண்ட ஒரு தாவரச் சேர்மத்தில் குறிப்பிட்ட ஒரு கார்பனில் மட்டும் ஆக்சிஜனைச் சேர்ப்பது வேதியியலாளருக்குக் கடினமான வேலை. மற்ற கார்பன்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி வினைபுரிவதால் கலவை உண்டாகிவிடும். நொதியோ தளப்பொருளை ஒரு குறிப்பிட்ட நிலையில் பற்றிக்கொண்டு, தனக்கு எட்டும் இடத்தில் மட்டும் வினையை நிகழ்த்துகிறது.

பாஸ்டரின் பூஞ்சை

பூஞ்சையின் இந்தத் துல்லியத்தை முதலில் கவனித்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர். புளியிலும் திராட்சையிலும் உள்ள டார்டாரிக் அமிலத்துக்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. 1850களின் இறுதியில், இரண்டும் சமமாகக் கலந்த ஒரு கரைசலில் பெனிசீலியம் கிளாக்கம் என்ற பூஞ்சை வளர்ந்தபோது, அது ஒரு வடிவத்தை மட்டும் உட்கொண்டு மற்றதை விட்டுவைத்ததைப் பாஸ்டர் கண்டார். கண்ணாலும் சாதாரண வேதிச் சோதனையாலும் பிரித்தறிய முடியாத இரு பொருள்களை ஒரு பூஞ்சை பிரித்தறிந்தது. பின்னாளைய உயிரிமாற்ற ஆய்வுகள் அனைத்துக்கும் இந்தக் கவனிப்பே அடித்தளம்.

வள்ளிக்கிழங்கும் கார்ட்டிசோனும்

இந்த அறிவு பெருந்தொழிலாக மாறியது 1950களில்தான். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், எட்வர்டு கெண்டல் ஆகியோர் 1948-49ஆம் ஆண்டுகளில் முடக்குவாத நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும் சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைனுக்கும் வழங்கப்பட்டது. ஆனால் மருந்து கிடைக்கவில்லை. மாட்டுப் பித்தத்தில் இருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அது தயாரிக்கப்பட்டது. ஒரு கிராம் ஏறத்தாழ 200 டாலர் விலை போயிற்று. ஸ்டீராய்டு எலும்புக்கூட்டின் 11ஆவது கார்பனில் ஓர் ஆக்சிஜனைப் பொருத்துவதே பெருந்தடையாக இருந்தது.

1952இல் மிச்சிகனில் இருந்த அப்ஜான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டியூரி பீட்டர்சன், ஹெர்பர்ட் மர்ரி இருவரும் ரொட்டியில் வளரும் ரைசோபஸ் வகைப் பூஞ்சை இந்த வேலையை ஒரே படியில் செய்துமுடிப்பதை அறிவித்தனர். புரோஜெஸ்டிரோனைக் கொடுத்தால் 11ஆவது கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி சேர்ந்து திரும்பக் கிடைத்தது. கார்ட்டிசோனின் விலை சில ஆண்டுகளில் கிராமுக்கு 6 டாலர் அளவுக்கு இறங்கியது.

அந்தப் புரோஜெஸ்டிரோன் ஒரு தாவரத்தில் இருந்து வந்தது. அமெரிக்க வேதியியலாளர் ரசல் மார்க்கர் மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியில் வளரும் காட்டு வள்ளிக்கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற சேர்மம் மிகுதியாக இருப்பதை 1940களின் தொடக்கத்தில் கண்டார். அதைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வழியையும் வகுத்தார். 1944இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் பர்பாஸ்கோ என்ற மற்றொரு வள்ளிக்கிழங்கு வகையை மெக்சிகோ உழவர்கள் பல்லாயிரக்கணக்கில் காடுகளில் தோண்டி எடுத்து விற்றனர். உலகின் ஸ்டீராய்டு மருந்துகள் பெரும்பாலும் இந்தக் கிழங்கைச் சார்ந்திருந்தன. ஆனால் கிழங்கு தோண்டியவருக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு. 1975இல் மெக்சிகோ அரசு புரோக்கிவேமெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தை அமைத்துக் கிழங்கின் விலையை உயர்த்த முயன்றது. பன்னாட்டு நிறுவனங்கள் சோயா முதலிய பிற தாவரங்களின் ஸ்டீரால்களுக்கு மாறின. நுண்ணுயிர்கள் அவற்றின் பக்கச் சங்கிலியை வெட்டி, தேவையான எலும்புக்கூட்டைத் தந்தன. பர்பாஸ்கோ வணிகம் சரிந்தது. உயிரிமாற்றம் மருந்தை மலிவாக்கியது. அதே உயிரிமாற்றம் ஒரு நாட்டின் உழவர்களை நம்பியிருக்க வேண்டிய தேவையையும் நீக்கிவிட்டது. இயற்கை வளம் யாருடையது என்ற கேள்வி அன்று முதல் இத்துறையோடு சேர்ந்தே வருகிறது.

கடலில் பூஞ்சை

மேற்கூறிய பூஞ்சைகள் அனைத்தும் நிலத்தில் வாழ்பவை. கடலில் பூஞ்சை வாழ்வதே அப்போது பரவலாக அறியப்படவில்லை. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்ற கடற்புல்லின் தண்டில் வளர்ந்த பூஞ்சையை 1840களில் பிரெஞ்சுத் தாவரவியலாளர்கள் டூரியூ, மோன்டான் ஆகியோர் விவரித்தனர். ஆயினும் நூறு ஆண்டுகள் வரை கடல் பூஞ்சைகள் தற்செயலான விருந்தாளிகள் என்றே கருதப்பட்டன.

1944இல் அமெரிக்காவின் எல்சோ பார்கூர்ன், டேவிட் லிண்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. மரத்துண்டுகளைக் கடல்நீரில் மூழ்கவைத்து, அவற்றைப் பூஞ்சைகள் தாக்கி மட்கச் செய்வதை அவர்கள் காட்டினர். துறைமுகக் கட்டைகளும் படகுகளும் மட்குவதற்கு இவையும் காரணம் என்பது தெளிவாயிற்று. 1961இல் ஜான்சன், ஸ்பாரோ ஆகியோரின் நூலும், 1979இல் யான் கோல்மேயர், எரிக்கா கோல்மேயர் இணையரின் நூலும் கடல் பூஞ்சையியலை ஒரு பாடமாக நிலைநிறுத்தின.

கடல் பூஞ்சைகளின் வாழிடங்களை நோக்கினால், அவை தாவரச் சேர்மங்களை மாற்றவல்லவையாக இருப்பது வியப்பன்று. கடலில் மிதக்கும் மரக்கட்டை, கடற்புல், பாசி, அலையாத்திக் காடுகளில் உதிரும் இலை ஆகியவற்றையே பல பூஞ்சைகள் உண்டு வாழ்கின்றன. அலையாத்தி இலைகளில் டானின் மிகுதி. மரத்தில் லிக்னின் உள்ளது. இவற்றைச் சிதைக்க வலுவான ஆக்சிஜனேற்ற நொதிகள் வேண்டும். அந்நொதிகள் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரிலும் வேலை செய்தாக வேண்டும்.

சார்டினியாவில் கிடைத்த பூஞ்சை

கடற்கரையில் இருந்து வந்த பூஞ்சை ஒன்று மருத்துவத்தை மாற்றியது 1945இல். இத்தாலியின் சார்டினியா தீவில் உள்ள கல்யாரி நகரின் மருத்துவப் பேராசிரியர் ஜுசெப்பே புரோட்சு, நகரக் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் மக்கள் குளித்தும் டைபாய்டு அவ்வளவாகப் பரவாததைக் கவனித்தார். அந்நீரில் இருந்து இன்று அக்ரிமோனியம் கிரைசோஜீனம் என அழைக்கப்படும் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். தாம் பிரித்த பூஞ்சையைப் பின்னர் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார். அங்கே எட்வர்டு ஆபிரகாம், கை நியூட்டன் ஆகியோர் அதிலிருந்து செஃபலோஸ்போரின்-சி என்ற பொருளைப் பிரித்தனர். இன்று மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் அனைத்தும் அதன் வழிவந்தவை. கடலோர நீரில் உள்ள பூஞ்சைகளைத் தேடிப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டியது. ஆனால் தேடியவர்கள் நீண்டகாலம் பூஞ்சை தானே உண்டாக்கும் பொருள்களையே தேடினர். அதன் நொதிகளைக் கருவியாகப் பயன்படுத்தும் எண்ணம் பிந்தியே வந்தது.

மீனம்பரும் கிளாரி சேஜும்

மூன்றாவது வரலாறு திமிங்கலத்தில் தொடங்குகிறது. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகும் மெழுகு போன்ற பொருள் அம்பர்கிரிஸ். தமிழில் மீனம்பர் என்றும், செய்தித்தாள்களில் திமிங்கல உமிழ்நீர் அல்லது வாந்தி என்றும் குறிப்பிடப்படுகிறது. கடலில் நெடுங்காலம் மிதந்து வெயிலும் காற்றும் பட்ட பிறகு அது இனிய மணம் பெறும். நறுமணத் தைலங்களின் மணம் நீடித்து நிற்க இது பயன்பட்டது.

1946இல் சூரிச்சில் லியோபோல்ட் ருசிச்சிகாவின் குழுவும், பாரிசில் எட்கர் லெடரரும் மீனம்பரின் முதன்மைச் சேர்மமான அம்பிரீனின் அமைப்பைக் கண்டறிந்தனர். அம்பிரீனுக்கு மணம் இல்லை. அது ஆக்சிஜனேற்றம் பெற்றுச் சிதையும்போது உண்டாகும் சிறு மூலக்கூறுகளே மணக்கின்றன. அவற்றில் முதன்மையானது அம்பிராக்ஸ். 1950இல் ஜெனீவாவின் ஃபிர்மெனிச் நிறுவன வேதியியலாளர்கள் அதைத் தாவரத்தில் இருந்து தயாரித்தனர். கிளாரி சேஜ் என்ற துளசிக் குடும்பச் செடியில் உள்ள ஸ்கிளேரியால் என்ற சேர்மம் அதற்கு மூலப்பொருளாயிற்று. திமிங்கலத்தின் குடலில் கிடைத்த பொருளை வயலில் வளரும் செடியில் இருந்து பெற முடிந்தது.

ஸ்கிளேரியாலின் பக்கச் சங்கிலியை வெட்டத் தொடக்கத்தில் வலுவான ஆக்சிஜனேற்றிகள் தேவைப்பட்டன. 1980களில் அமெரிக்க நறுமணத் தொழிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மண்ணில் இருந்து பிரித்த ஹைஃபோசைமா ரோசியோநைஜர் என்ற ஈஸ்ட் போன்ற பூஞ்சை, ஸ்கிளேரியாலை அம்பிராக்சுக்கு முந்திய நிலையிலுள்ள ஒரு டையாலாக மாற்றுவதைக் கண்டனர். தாவரச் சேர்மத்தைப் பூஞ்சை மாற்றித் தர, கடைசிப் படியை வேதியியலாளர் முடிக்கும் வழி உருவாயிற்று.

வணிக நோக்கிலான திமிங்கல வேட்டையை நிறுத்தப் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் 1982இல் முடிவு செய்தது. முடிவு 1986இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மீனம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எனினும் தமிழகக் கடலோர மாவட்டங்களில் அது பிடிபடும் செய்திகள் இன்றும் வருகின்றன. மலிவான, தரமான மாற்றுப்பொருள் இருந்தால் இத்தகைய கடத்தலுக்கான தேவை குறையும் என்பதால், அம்பிராக்ஸ் ஆய்வு நறுமணத் துறையோடு முடிந்துவிடுவதில்லை.

பிரேசில் கடற்கரையில்

இம்மூன்று வரலாறுகளும் ஒன்றுசேர்ந்த இடங்களுள் முதன்மையானது பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலம். அங்குள்ள சாவோ செபஸ்தியாவோ பகுதியின் கடற்பஞ்சுகளில் இருந்து அஸ்பர்ஜில்லஸ், பெனிசீலியம், டிரைக்கோடெர்மா முதலிய பூஞ்சைகள் பிரிக்கப்பட்டு, காம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டன. சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தின் சாவோ கார்லோஸ் வேதியியல் நிறுவனத்தில் ஆந்த்ரே போர்ட்டோவின் குழு அவற்றை உயிரிமாற்றத்துக்குப் பயன்படுத்தியது. 2009இல் வெளியான அவர்களது ஆய்வு, ஒரு கீட்டோனைக் கடல் பூஞ்சைகளின் முழுச் செல்கள் ஆல்கஹாலாக ஒடுக்குவதைக் காட்டியது. தொடர்ந்து பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கும் திறனும் சோதிக்கப்பட்டது.

2015இல் இக்குழுவும் பிரான்சின் ஆய்வாளர்களும் சேர்ந்து அம்பிராக்ஸ், ஸ்கிளேரியால், அதன் உறவுச் சேர்மமான ஸ்கிளேரியோலைடு ஆகிய மூன்றையும் கடல் பூஞ்சைகளிடம் கொடுத்த ஆய்வு வெளியானது. பாட்ரியோஸ்பேரியா, யூட்டிபெல்லா, சைலேரியா முதலிய பேரினங்களைச் சேர்ந்த பூஞ்சைகள் இதில் பயன்பட்டன. இவை மூலச் சேர்மங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சேர்த்தன. ஸ்கிளேரியாலிலும் ஸ்கிளேரியோலைடிலும் 3ஆவது கார்பன் இவ்வாறு மாற்றம் பெற்றது. நெடுந்தொலைவில் வேறு கண்டத்தில் வளரும் செடியின் சேர்மத்தை, அதைச் சந்தித்தே இராத பிரேசில் கடற்பூஞ்சைகள் மாற்றிக் கொடுத்தன.

செய்முறை

இத்தகைய ஆய்வின் செய்முறை எளிமையானது. மால்ட் சாறு கலந்த செயற்கைக் கடல்நீரில் பூஞ்சை வளர்க்கப்படுகிறது. சுமார் 32 பாகை செல்சியசில், குலுக்கும் கருவியில் குடுவை சில நாள்கள் வைக்கப்படும். பூஞ்சையிழை சிறு உருண்டைகளாகத் திரளும். அதை வடிகட்டி எடுத்து, உணவில்லாத புதிய கரைசலில் இடுவதும் உண்டு. வளரும் ஊடகத்திலேயே தளப்பொருளைச் சேர்ப்பதும் உண்டு. தாவரச் சேர்மங்கள் பெரும்பாலும் நீரில் கரையாதவை. எனவே டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற கரைப்பானில் சிறிதளவு கரைத்துச் சேர்ப்பார்கள். குறிப்பிட்ட நாள்களுக்குப் பின் எத்தில் அசிட்டேட் கொண்டு பிரித்தெடுத்து, நிறச்சாரல் பிரிகை முறையில் தூய்மையாக்கி, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு மூலம் எந்தக் கார்பனில் மாற்றம் நிகழ்ந்தது என்று அறிவார்கள்.

பூஞ்சையில்லாத குடுவையில் தளப்பொருளையும், தளப்பொருளில்லாத குடுவையில் பூஞ்சையையும் உடன் வைத்து ஒப்பிடுவது இன்றியமையாதது. முதலாவது, மாற்றம் வெறும் நீராலும் உப்பாலும் நிகழவில்லை என்று உறுதி செய்கிறது. இரண்டாவது, கிடைத்த பொருள் பூஞ்சை தானே உண்டாக்கியதன்று என்று உறுதி செய்கிறது.

பூஞ்சை ஏன் இதைச் செய்கிறது

ஸ்கிளேரியால் போன்ற சேர்மங்களைச் செடிகள் தற்காப்புக்காகவே உண்டாக்குகின்றன. பல தாவரச் சேர்மங்கள் பூஞ்சைக்கு நஞ்சு. நீரில் கரையாத நஞ்சு செல்லின் சவ்வில் படிந்து தீங்கு செய்யும். ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்தால் அது சற்று நீரில் கரையும், வெளியேற்றுவதும் எளிதாகும். இவ்வேலையில் முதலிடம் வகிப்பவை சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதக் கல்லீரலும் மருந்துகளை இதே குடும்ப நொதிகளால்தான் கையாளுகிறது. அதனால் கன்னிங்காமெல்லா என்ற நிலப்பூஞ்சை, ஒரு மருந்து உடலில் எவ்வாறு மாறும் என்பதை முன்கூட்டி அறிய 1970கள் முதல் மாதிரியாகப் பயன்படுகிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினையும் அது ஹைட்ராக்சில் வடிவங்களாக மாற்றுகிறது. கடல் பூஞ்சைகளை இதே நோக்கில் சோதிக்கும்போது, நிலப்பூஞ்சை தொடாத கார்பன்களை அவை தொடுமா என்பதே ஆய்வாளரின் முதல் கேள்வி.

பெயர் பற்றிய விவாதம்

பிரேசில் ஆய்வுகளில் வந்த அஸ்பர்ஜில்லஸ், பெனிசீலியம், சைலேரியா ஆகியவை நிலத்திலும் வாழும் பேரினங்கள். காற்றிலும் ஆற்றுநீரிலும் வந்த விதைத்துகள் கடற்பஞ்சில் தங்கியிருக்கலாம் அல்லவா என்ற ஐயம் எழுந்தது. எனவே பலர் ‘கடல் பூஞ்சை’ என்பதற்குப் பதிலாகக் ‘கடலில் இருந்து பெறப்பட்ட பூஞ்சை’ என்று எழுதலாயினர். 2016இல் கா-லாய் பாங் முதலியோர் விரிந்த வரையறை ஒன்றை முன்வைத்தனர். கடல் வாழிடத்தில் மீண்டும் மீண்டும் கிடைத்து, அங்கே வளரவோ வித்துருவாக்கவோ வல்லதும், பிற கடலுயிர்களோடு கூட்டுறவில் வாழ்வதும், கடற்சூழலுக்குத் தகவமைந்ததும் கடல் பூஞ்சையே என்றனர். அஸ்பர்ஜில்லஸ் சிடோவி என்ற மண் பூஞ்சை 1990களில் கரீபியன் கடலின் விசிறிப் பவளங்களை நோயுறச் செய்ததாகக் கண்டறியப்பட்டது. ஒரே சிற்றினம் நிலம், கடல் இரண்டிலும் செயல்படும் என்பதற்கு அது சான்று.

தடைகளும் உரிமைகளும்

ஆய்வகக் குடுவையில் கிடைத்த வெற்றி தொழிற்சாலைக்குச் செல்வது அரிது. தளப்பொருளை மிகுதியாகச் சேர்த்தால் பூஞ்சை இறந்துவிடும். குறைவாகச் சேர்த்தால் விளைச்சல் சில மில்லிகிராமே. ஒரே பூஞ்சை பல விளைபொருள்களைத் தரும்போது பிரிப்புச் செலவு கூடும். உப்புநீர் எஃகுக் கலன்களை அரிக்கும். இதனால் பலர் பூஞ்சையில் இருந்து குறிப்பிட்ட நொதியின் மரபணுவைக் கண்டறிந்து, அதை ஈஸ்ட்டிலோ பாக்டீரியாவிலோ செலுத்தும் வழியை நாடுகின்றனர். அம்பிராக்சும் இப்போது கரும்புச் சர்க்கரையில் வளரும் நுண்ணுயிர்களின் துணையோடு தயாரிக்கப்படுகிறது. கிளாரி சேஜ் வயலே தேவைப்படாத நிலை வந்துவிட்டது.

இங்கே பர்பாஸ்கோவின் வரலாறு மீண்டும் நினைவுக்கு வருகிறது. ஒரு கடற்பஞ்சில் கிடைத்த பூஞ்சையின் மரபணு வரிசை கணினியில் பதிவானதும், அந்தக் கடலுக்கு யாரும் திரும்ப வரத் தேவையில்லை. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2010இன் நகோயா நெறிமுறை, பிரேசிலின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை பயன் பகிர்வை வலியுறுத்துகின்றன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் பகுதியின் மரபு வளங்களுக்கென ஐக்கிய நாடுகள் அவை 2023இல் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது.

தமிழகத்தில்

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர்கள் 1990களில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மட்கும் மரங்களின் பூஞ்சைகளைப் பட்டியலிட்டனர். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் கடல் பூஞ்சைகளின் நொதிகளை நீண்டகாலமாக ஆராய்ந்து வருகிறது. மஞ்சளின் குர்குமின், மிளகின் பைப்பரின், வேம்பின் அசாடிராக்டின் ஆகியவை நம் ஊரிலேயே மிகுதியாகக் கிடைக்கும் தளப்பொருள்கள். குர்குமின் நீரில் எளிதில் கரையாது என்பதே மருந்தாக அதைப் பயன்படுத்தத் தடை. கரையாத சேர்மத்தைச் சற்றே கரையச் செய்வது பூஞ்சைகள் தம் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை. பிச்சாவரத்தின் பூஞ்சைகளையும் இந்தச் சேர்மங்களையும் ஒரே குடுவையில் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கு வேண்டிய இரு பொருள்களும் ஒரே மாநிலத்தில் உள்ளன. பூஞ்சை வாழும் காடு அழியாமல் இருப்பது அதற்கு முதல் தேவை.